சீனிப்பேணிக்குள் விழுந்த சத்தங்கள்

டொரொன்டோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால், ஆங்கிலத்தில் வேறு பெயரும் எங்கள் சனத்தின் வாயில் கல்லேரி என்ற பெயரும் உள்ள ஒரு சிற்றூர் வரும்; அங்கே ஒரு காளான் பண்ணை, அந்தப் பண்ணையில் வேலை செய்கிற முப்பத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள், பழைய விளையாட்டு மண்டபம் ஒன்றில் குடியிருக்கும் பிள்ளையார், எல்லாவற்றையும் சுற்றி மான்கள் நிறைந்த காடு; அந்தக் காட்டுக்குள் ஆறு வருடமாகக் குறுக்குவில்லோடு போய் ஆறு வருடமும் வெறுங்கையோடு திரும்பியவர் பரராசசிங்கம்.

வெறுங்கை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். காட்டில் பொறுக்கிய ஒற்றை மான்கொம்பு அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அது தானாக விழுந்த கொம்பு என்று ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். குறை கண்ணிலோ கையிலோ இல்லை, வில்லில்தான். விசையை அழுத்தியதும் அது கதவை அறைந்து சாத்தினாற்போல 'டமார்' என்று ஒரு சத்தம் போடும், சத்தம் அம்பை முந்திக்கொண்டு போய் மானிடம் சேதி சொல்லும், மான் முதுகைத் தாழ்த்தி ஒரு துள்ளுத் துள்ளும், அம்பு போய் ஏதாவது ஒரு மரத்தில் குத்திக்கொண்டு நிற்கும். இப்படி ஆறு வருடத்தில் ஒன்பது மரங்களை அவர் வேட்டையாடியிருந்தார். ஊரில் கிடாய் அடித்துப் பங்கு போடுவதுபோல, தீபாவளிக்கு ஒரு மானை முப்பத்திரண்டு பங்காகப் பிரித்து, கொண்டுவந்தவன் கையாலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. "இந்தமுறை மான் பங்கு" என்று வருடா வருடம் கோயிலில் சொல்லுவார். வருடா வருடம் கடைசியில் கிடாய்தான் வந்தது.

ஏழாவது வருடம் ஆவணியில் அவருடைய சகலன் தவநேசன் ஒரு குறுக்குவில் வாங்கினான். லோசனியும் ரூபியும் அக்கா தங்கைகள். மூத்தவள் லோசனியைப் பரராசசிங்கம் கட்டினார், இளையவள் ரூபியைத் தவநேசன் கட்டினான். இரண்டு வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. பதினொரு வருடமாகப் பரராசசிங்கம் தன் யன்னலால் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் கார் மாற்றினால் இவருக்கு நித்திரை வராது. அவன் முற்றத்து அப்பிள் மரம் காய்த்தால் இவர் முற்றத்து மரத்துக்கு ஒரு உதை விழும். தவநேசன் நல்லவன், அதுதான் பெரிய தொல்லை. கெட்டவன் என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் படுத்துவிடலாம்.

எல்லாவற்றிலும் மேலாக அவரை உறுத்தியது மாமனாரின் மப்ளர். மாமா கனடாவுக்கு வந்து நாலு வருடம் இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருந்து கண்ணை மூடினார். அவரிடம் மண்ணிறக் கம்பளி மப்ளர் ஒன்று இருந்தது, கோடையிலும் கழுத்தை விட்டு இறங்காது. தவநேசன் கதைத்தால் அது கழுத்திலேயே கிடக்கும். பரராசசிங்கம் கதைக்கத் தொடங்கினால் மெல்ல மேலே ஏறி இரண்டு காதையும் மூடிக்கொள்ளும். "குளிருது மருமோன்," என்பார் மாமா. சாகும்போது அதைத் தவநேசனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். பழங்கம்பளி ஒன்றுக்கு இவ்வளவு முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்று லோசனி கேட்டாள். அவருக்கு வயிறு எரிந்தது.

தவநேசன் தன் முதல் வில்லைத் தலைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தளர்ந்த ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். நாணுக்கு மெழுகு பூசினான். வில்லின் இரண்டு கையும் தொடங்குகிற இடத்தில் றப்பர்த் துண்டு வைத்தான். இலேசான அம்புகளைத் திருப்பிக் கொடுத்துக் கனமான அம்புகள் வாங்கினான், கனமான அம்பு வில்லின் உதறலைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கால் வைத்து மிதிக்கிற வளையத்துக்குக்கூடப் பழைய சப்பாத்துத் தோலைச் சுற்றினான். 'டமார்' குறைந்து குறைந்து 'டப்' ஆகியது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. ஒரு சனிக்கிழமை அவன் தெருவைக் கடந்து வந்து, வில்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பரராசசிங்கத்தின் வாசலில் நின்றான்.

"அண்ணை, நீங்கள் ஆறு வருசமாய்க் காட்டுக்குப் போய் வாறனீங்கள். இந்தச் சத்தத்தை என்ன செய்யிறது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

ஆறு வருடத்தில் ஒரு ஆணியைக்கூட இறுக்கிப் பார்க்கத் தோன்றாத பரராசசிங்கம், அந்த வில்லை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது.

"அதுக்கு ஒரு வழிதான் இருக்கு. மாமாவின்ர மப்ளரிலை இரண்டு இழை உருவி நாணிலை கட்டிப் பாரும். சத்தத்தை மறிக்க அதைவிட நல்ல சாமான் உலகத்திலை இல்லை. நான் கண்ணாலை கண்டனான்."

குத்தலாகத்தான் சொன்னார். குத்தல் தைக்கிற தோல் தவநேசனுக்குக் கிடையாது. "அட, எனக்கு இது ஓடேல்லைப் பாருங்கோ," என்று சந்தோசமாகப் போனான்.

அடுத்த நாள் காலை, பரராசசிங்கம் குசினியில் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டு யன்னலால் பார்த்தபோது, எதிர்வீட்டு வேலியோரம் தவநேசன் வைக்கோல் கட்டுக்கு நேரே வில்லைத் தூக்கி விசையை அழுத்தினான். அம்பு வைக்கோலில் நின்றது. 'டப்' இல்லை, நாண் உதறவில்லை, வைக்கோலில் அம்பு குத்திய சத்தம்கூட இல்லை. எல்லாம் படத்தில் நடப்பதுபோல நடந்து முடிந்தது. அதே நேரம் பரராசசிங்கத்தின் கையிலிருந்த தகரச் சீனிப்பேணிக்குள் 'டப்' என்றது.

பேணிக்குள் எட்டிப் பார்த்தார். சீனிதான் இருந்தது. எதிரே இரண்டாவது அம்பு போனது, பேணிக்குள் இரண்டாவது 'டப்'. பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்த லோசனி திரும்பவில்லை.

"உமக்கு ஏதும் கேட்டதோ?"

"என்னத்தைக் கேக்கிறது? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

பத்தாவது அம்போடு அவருக்கு விளங்கிவிட்டது. சத்தம் ஒழிந்துபோகவில்லை, தெருவைக் கடந்து தன் வீட்டுக்கு வந்திருக்கிறது, தன் காதுக்கு மட்டும் வந்திருக்கிறது. ஏன் தனக்கு என்று அவர் கனநேரம் யோசிக்கவில்லை. பதினொரு வருடமாக அந்த வீட்டுப் பக்கமே திருப்பி வைத்த காது. பேணியை இறுக்கி மூடினார்.

வேட்டைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள் தவநேசன் மான் கொண்டுவந்தான். பக்கத்தில் நின்ற மற்ற மான் தலையைக்கூடத் தூக்கவில்லை, புல்லைத் தின்றுகொண்டே நின்றது என்று சொன்னான். முப்பத்திரண்டு பங்கு, முப்பத்திரண்டு வாசல், எல்லா வாசலிலும் அவன் கை. பரராசசிங்கம் தன் வீட்டுப் பங்கைத் தின்றார். இறைச்சி நல்ல ருசியாக இருந்தது, அது வேறு ஒரு வேதனை. அதுவும் காணாதென்று குலுக்கலில் இரண்டாவது மானுக்கான அரசாங்கச் சீட்டும் அவனுக்கே விழுந்தது. தீபாவளிக்கு மான் பங்கு என்று ஐயர் கோயிலில் அறிவித்தபோது எல்லாரும் தவநேசனைத் திரும்பிப் பார்த்தார்கள், பரராசசிங்கம் பிள்ளையாரைப் பார்த்தார்.

கல்லேரிச் சனம் இந்த அதிசயத்தைப் பற்றி ஒருநாள் கதைத்தது. இரண்டாம் நாள் ஆளுக்கு ஒரு இழை கேட்டு வந்தது. இல்லை என்று சொல்ல ரூபிக்கும் தெரியாது, அவள் புருசனுக்கும் தெரியாது. மண்டபத்தைச் சூடாக்குகிற, பூசை நேரம் பார்த்து இடிக்கிற கோயில் கணப்படுப்புக்கு ஐயர் ஒரு இழை கட்டினார், மந்திரம் முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டது, அதில் பாதியை அவர் விழுங்குகிறார் என்பதும் சேர்ந்து தெரிந்தது. செல்லரத்தினம் பெண்சாதி புருசனின் குறட்டைக்குக் கட்டில் காலில் ஒரு இழை கட்டி, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு முழு இரவு உறங்கி எழுந்து, அவர் செத்துப்போனார் என்று நினைத்துக் கத்தினாள். பிரஷர் குக்கருக்குக் கட்டினவர்கள் விசில் கேளாமல் ஒரு கிழமை கஞ்சி குடித்துவிட்டுப் பிறகு மணிக்கூடு பார்க்கப் பழகினார்கள். தினமும் சண்டை பிடிக்கிற ஒரு சோடி ஆளுக்கொரு இழையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்துச் சண்டை பிடித்து, களைத்துப்போய்ச் சிரித்தார்கள். மப்ளர் முழ நீளமாகி, சாண் நீளமாகியது. ஊர் அமைதியாகியது. இப்படி ஒரு அமைதிக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று சனம் சொல்லிக்கொண்டது.

அத்தனையும் பரராசசிங்கத்தின் வீட்டில் வந்து விழுந்தது. கணப்படுப்பு உடுப்பு அலுமாரிக்குள் இடித்தது, செல்லரத்தினம் சோபாவுக்குக் கீழே குறட்டை விட்டார், சப்பாத்துப் பெட்டிக்குள் ஏழு குக்கர்கள் விசிலடித்தன, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சோடி ஏசிக்கொண்டது. சீனிப்பேணி மட்டும் தவநேசனுடையது. அதைத் திறக்கப் பயந்து அவர் சீனியில்லாமல் தேநீர் குடித்தார். லோசனி சீனி வருத்தமோ என்று பயந்து இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போனாள், ஒரு வருத்தமும் இல்லை என்றார்கள். அவருடைய வருத்தத்தைக் காட்டுகிற சோதனை ஒன்றும் அந்த ஆசுபத்திரியில் இருக்கவில்லை.

தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தபோது சீனிப்பேணி இருமியது.

உலர்ந்த இருமல், தேங்காய் துருவுகிறாற்போல. யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்தது. அன்று மத்தியானம் பண்ணையில் காளான் எருவைப் புரட்டுகிற கொட்டகைப் பக்கம் போய்ப் பார்த்தார். தவநேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சு குலுங்கியது, வாய் திறந்தது, சத்தமில்லை. கழுத்தில், சேட்டுக் கொலருக்குக் கீழே, மண்ணிற இழை. மானுக்குக் கேட்கக் கூடாது, ரூபிக்கும் கேட்கக் கூடாது, தீபாவளி முடியட்டும் என்று கட்டியிருக்கிறான். பரராசசிங்கம் பொதியிடும் பகுதியின் மேற்பார்வையாளராக வருவதற்கு முன் அந்தக் கொட்டகைக்குத்தான் பொறுப்பாக இருந்தவர். எருத்தூசி நெஞ்சில் இறங்கினால் இருமல் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அரியகுட்டி என்ற மனிதர் இதே துருவலோடு இருமி, வெறும் சளித் தடிமன் என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

ரூபியிடம் சொல்லவேண்டும் என்று அன்றே நினைத்தார். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டால் சீனிப்பேணியைச் சொல்லவேண்டும். ஊர்ச் சத்தமெல்லாம் ஏன் உம்மிடம் வந்து விழுந்தது என்று சனம் கேட்கும், அதற்குப் பதில் அவருக்குத் தெரியும். இது அவர் தனக்குச் சொன்ன காரணம். இதற்குக் கீழே இன்னும் சின்னதாய், இன்னும் உண்மையாய் ஒரு காரணம் இருந்தது: இருமுகிறவன் கை நடுங்கும், நடுங்கினால் தீபாவளிக்கு மான் வராது. நாளைக்குச் சொல்லுவம் என்று பேணியை மூடினார். அடுத்த நாளும் மூடினார். அந்த இருமலைக் கேட்கக் கேட்கப் பயமாகவும் இருந்தது, வெளியே சொல்ல வெட்கமான ஒரு இனிப்பாகவும் இருந்தது. அவன் வீட்டில் ஒரு குறை, அது தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாத குறை.

"அவருக்கு இருமல் நிண்டுட்டுது அத்தான்," என்று ஒருநாள் ரூபி தெருவில் கண்டு சொன்னாள். "மாமாங்கத்துக்குப் பிறகு நான் நல்லாய் நித்திரை கொள்ளுறன்."

"நல்லது," என்றார் பரராசசிங்கம்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, கோயில் மண்டபத்துப் பின் வளவில் பங்கு போடப் பலகை அடுக்கி, கத்தி தீட்டி, நகரத்திலிருந்து வாழையிலைக் கட்டும் வந்து சேர்ந்திருந்தது. விடியத் தனியே காட்டுக்குப் போன தவநேசனுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் தேநீர் என்று சாட்டுச் சொல்லிப் பரராசசிங்கம் சீனிப்பேணியையும் கொண்டு வந்திருந்தார், அதை விட்டுவிட்டு இருக்க அவரால் இப்போது முடியாது. சனம் அதற்குள் கரண்டியை விட்டு விட்டுச் சீனி அள்ளியது; கரண்டி போகும்போதெல்லாம் உள்ளே இருமல், ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு வாங்க இடமில்லாமல் இருமல். சனம் சிரித்துக் கதைத்துத் தேநீர் குடித்தது. பிறகு இருமல் நின்று ஒரு கீச்சு மட்டும் கேட்டது, உள்ளே போகிற காற்றின் கீச்சு. பிறகு அதுவும் மெலிந்தது.

பரராசசிங்கம் பேணியைத் தூக்கிக் காதோடு வைத்தார்.

"என்ன பரராசா, சீனிப்பேணியிலை ரெலிபோன் கதைக்கிறீரோ?" என்றார் செல்லரத்தினம். சிரிப்பு எழுந்தது.

"தவம் விழுந்துபோனான்," என்றார் அவர். "மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கிறான். எனக்குக் கேக்குது."

"அவர் மானுக்குப் பதுங்கியிருப்பார் அத்தான்," என்றாள் ரூபி.

"இல்லைப் பிள்ளை. அவனுக்கு இருமல் நிக்கேல்லை. மப்ளர் இழையைக் கழுத்திலை கட்டியிருக்கிறான். அரியகுட்டிக்கு வந்த இருமல்தான். எல்லாரின்ர சத்தமும் என்ர வீட்டிலைதான் வந்து விழுகுது, எனக்கு மட்டும்தான் கேக்குது."

ஒருவரும் அதை நம்பாமல் விடவில்லை; கல்லேரியில் நம்பாமை கழிந்து கனநாள். ரூபி மட்டும் கையிலிருந்த வாழையிலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினை நாளாய்க் கேக்குது அத்தான்?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பேணிக்குள் கீச்சு இன்னும் மெலிந்தது.

"பதினேழு நாளாய்," என்றார்.

நாலு கார்கள் காட்டுக்கு ஓடின. முன்னால் போன காரில் பரராசசிங்கம் பேணியை மடியில் வைத்திருந்தார், கீச்சு தடித்தால் நேரே, மெலிந்தால் திருப்பு என்று வழி சொன்னார். பெரிய தேவதாரு மரத்தடியில் தவநேசன் முழங்காலில் கிடந்தான், முகம் நீலம் பாரித்திருந்தது, வில் பக்கத்தில் கிடந்தது. அவனிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு மான் நின்று, பாசியை நக்கிக்கொண்டிருந்தது. அருகில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருப்பது அதற்குக் கேட்கவேயில்லை. பரராசசிங்கம் ஓடிப்போய் அவன் கழுத்து இழையைப் பல்லால் கடித்து அறுத்தார். இருமல் வெடித்தது. காடு முழுக்கக் கேட்டது. மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றும், இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றும் வைத்தியர் ரூபியிடம் சொன்னார். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

அந்தத் தீபாவளிக்குப் பங்கு இல்லை. சனம் அன்றே தன் தன் இழையை அவிழ்த்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று பரராசசிங்கத்தை ஒருவரும் கேட்கவில்லை, ஒவ்வொருவராகத் தனியே வந்து, தொண்டையைச் செருமி, "எங்கட வீட்டிலை இருந்து என்னென்ன கேட்டது?" என்றுதான் கேட்டார்கள். "ஒண்டும் விளங்கேல்லை," என்று எல்லாருக்கும் சொன்னார். சண்டைக்காரச் சோடி மட்டும் நம்பாமல் போனது. அலுமாரி அடங்கியது, சோபா அடங்கியது, வீடு வெறிச்சென்றாகியது. லோசனி அவருக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கதைக்கவில்லை.

நாலாம் நாள் ரூபி தெருவைக் கடந்து வந்தாள். கையில் ஒரு பை. ஊரெல்லாம் திருப்பிக் கொடுத்த இழைகளும் மிஞ்சிய சாண் நீளத் துண்டும் அதற்குள் கிடந்தன.

"இது உங்களுக்குத்தான் அத்தான். அப்பா இதை உங்களுக்காகத்தானே வைச்சிருந்தவர்," என்று வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் அதை நிலவறைக்குக் கொண்டுபோய், இழைகளையெல்லாம் முடிந்து முடிந்து கழுத்தில் சுற்றிக்கொண்டு, மாமனார் சாகும்வரை தனக்கு மூடி வைத்த காதை நினைத்து அழுதார். லோசனிக்குக் கேட்கவில்லை. அடுத்த நாளும் மத்தியானம் இறங்கிப் போய் அழுதார். அழும்போதும் பொறாமை விடவில்லை; ஆசுபத்திரிக் கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கும் சேர்த்து அழுதார். இப்படியே நாட்கள் போயின. முதல் பனி விழுந்தது.

ஒரு மத்தியானம் நிலவறையிலிருந்து மேலே ஏறியபோது கதவு தட்டிக் கேட்டது. திறந்தார். தவநேசன் நின்றான், மெலிந்துபோய், அன்று காலைதான் ஆசுபத்திரியிலிருந்து வந்திருந்தான், சேட்டு உடம்பில் தொங்கியது.

"அண்ணை," என்றான், "நீங்கள் அழுகிறது எனக்குக் கேக்குது."

பரராசசிங்கம் வாயைத் திறந்தார். மப்ளர் கழுத்தில் இருந்ததால் அவர் கேட்டது வாசலில் கேட்கவில்லை. தவநேசனின் சட்டைப்பையில் இருந்த மருந்துப் போத்தலுக்குள்ளிருந்து கேட்டது.

"எத்தினை நாளாய்?"

"பதினேழு நாளாய்." தவநேசன் காலடியைப் பார்த்தான். "முதல் நாளே ஆரிட்டையும் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கும் மனம் வரேல்லை."

பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் பரராசசிங்கத்துக்கு அந்த மனிதன்மேல் பொறாமை வரவில்லை. கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஏதோ சொன்னார். தவநேசன் போத்தலைக் காதருகே பிடித்துக் கேட்டான். உள்ளே வாரும், சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பம் என்றது அது.

அவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான்.